மூக்கு சர்ஜரி செய்துகொள்ளலாமா? சென்னையில் யோசிப்பவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: வயது 24, ஓஎம்ஆரில் ஐடி வேலை. மூக்கு அகலம், நுனி உருண்டை, பள்ளிக்கூட நாளிலிருந்தே கேலி. வலது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், தையில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு, அதற்குள் சர்ஜரியை முடித்துவிட ஆசை. ஒரு அழகு கிளினிக்கில் "சர்ஜரியே வேண்டாம், ஃபில்லர் போட்டால் போதும், அரை மணி நேர வேலை" என்கிறார்கள். அம்மாவோ "கடவுள் கொடுத்த மூக்கில் கை வைக்காதே" என்கிறார். என்ன செய்வது?

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். மூக்கின் வடிவத்தைத் திருத்தும் சர்ஜரியும் செய்கிறேன். அதனால் மூச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடை போடுவேன், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைக் கேட்டால் அழுத்தம் வேறு இடத்தில் விழலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரீல்ஸில் பார்த்திருக்கும் முன்-பின் படங்களில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போன்ற மூக்கு அல்ல. துருக்கி, ஈரான், ஐரோப்பிய முகங்கள் அவை. நடுவில் எலும்பு மேடு தட்டி, நீண்டு வளைந்த மூக்கு, மெல்லிய தோல். மேட்டைச் சீவி, நீளத்தைக் குறைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நம்மில் பலருக்கு நிலைமை நேர்மாறு. மூக்கின் மேல்பகுதியில் எலும்பு தாழ்வாக இருக்கும், நுனிக் குருத்தெலும்பு மெலிந்து பலமில்லாமல் இருக்கும், அதன் மேல் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த தடித்த தோல். இங்கே சீவுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. இருப்பதையும் வெட்டிக் குறைத்தால் நுனி இன்னும் உருண்டு, உருவமே இல்லாமல் போகும்.

ஆகவே நம் மூக்குகளுக்குச் செய்யும் சர்ஜரி பெரும்பாலும் சேர்க்கிற வேலை. உடம்பிலிருந்தே குருத்தெலும்பை எடுத்து, நுனிக்கு முட்டுக் கொடுத்து முன்னே கொண்டுவர வேண்டும், மேல்பகுதியைச் சற்று உயர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் நேரே பார்க்கும்போது மூக்கு குறுகியதாகத் தெரியும். உண்மையில் அளந்தால் முன்பைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். "சின்ன மூக்காக ஆக்கிக் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் அதிக நேரம் செலவழிப்பது இதை விளக்கத்தான். "சரி, கண்டிப்பாகச் சின்னதாக்கிவிடலாம்" என்று உடனே தலையாட்டும் மருத்துவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தோல் விஷயத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. நாற்காலி மேல் கம்பளியைப் போர்த்தினால் உள்ளே இருக்கும் கூர்முனைகள் தெரியாது, மல் துணியைப் போர்த்தினால் தெரியும். மூக்கும் அப்படித்தான். தடித்த தோலின் அடியில் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் வெளியே தெரிவது பாதிதான். வீக்கமும் மெதுவாகத்தான் வடியும். மெல்லிய தோல்காரர்களுக்கு ஒரு வருடத்தில் இறுதி வடிவம் வந்துவிடும் என்றால், தடித்த தோலுக்கு ஒன்றரை வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மெல்லிய தோலுக்கும் வேறு சங்கடம் உண்டு, உள்ளே இருக்கும் சின்ன மேடுபள்ளம்கூட வெளியே காட்டிக்கொடுத்துவிடும்.

சேர்க்கும் குருத்தெலும்பு எங்கிருந்து வரும்? முதல் இடம் மூக்கின் நடுச்சுவர். இரண்டு துவாரத்துக்கும் நடுவே நிற்கும் சுவர் அது. மக்கள் "தண்டு வளைவு" என்பது இது ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைத்தான். அங்கே போதுமான அளவு இல்லையென்றால் காதின் பின்பக்கத்திலிருந்து எடுக்கலாம், தழும்பு வெளியே தெரியாது. அதுவும் போதாவிட்டால் விலா. விலாவில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மார்புப் பக்கம் ஒரு தழும்பு, சில நாள் நல்ல வலி, காலப்போக்கில் அந்தத் துண்டு வளைந்துவிடும் அபாயம், எல்லாம் சேர்ந்து வரும். இன்னொரு வழி சிலிகான். செதுக்கித் தயாராக இருக்கும், சர்ஜரி சீக்கிரம் முடியும். ஆனால் மூக்கின் மேல் இருப்பது தோல் மட்டும்தான். அதன் அடியில் அந்நியப் பொருள் நகரலாம், கிருமித் தொற்று வரலாம், வருடங்கள் கழித்துக்கூடத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். கிழக்கு ஆசிய நாடுகளில் சிலிகான் நிறையப் பயன்படுத்துகிறார்கள், நல்ல பலன் கிடைத்தவர்களும் உண்டு. என் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் நான் வைக்கமாட்டேன்.

மூக்கு மடலின் அகலத்தைக் குறைப்பது தனி வேலை. மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துத் தைப்பார்கள். எளிதாகத் தெரியும், பல இடங்களில் இதை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை, துவாரம் சிறுத்து மூச்சுக்கும் கேடு. அப்புறம் தழும்பு. நம் நிறத்துக்குத் தழும்பு கறுத்துத் தெரிய வாய்ப்பு அதிகம். நுனியை முதலில் உயர்த்திவிட்டால் பலருக்கு மடலின் அகலம் தானாகவே குறைந்து தெரியும். அதனால் நான் மடலைக் கடைசியில்தான் தொடுவேன், பாதிப் பேருக்குத் தொடாமலே விட்டுவிடுவேன்.

மூக்குத்தி போடுகிறவரா நீங்கள்? அதையும் பேச வேண்டும். சர்ஜரிக்கு முன் கழற்றியாக வேண்டும். வருடக்கணக்கில் கழற்றாத திருகு என்றால் முதல் நாள் இரவு போராடாமல், முன்பே நகை ஆசாரியிடம் போய்க் கழற்றிவிடுங்கள். மடலை வெட்டினால் துளையின் இடம் சற்று நகரும். ஆறும்வரை மாதக்கணக்கில் எதுவும் போடக்கூடாது என்பதால் துளை தூர்ந்துபோகலாம். முகூர்த்தத்தன்று மூக்குத்தி கட்டாயம் என்கிற குடும்பம் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அடைத்துக்கொள்ளும் வலது பக்கம். கேள்வியில் இதை நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதல் வரி. அடைப்புக்குப் பல காரணம் இருக்கலாம்: நடுச்சுவர் வளைவு, உள்ளே இருக்கும் சதை வீங்குவது, துவாரத்துக்குச் சற்று மேலே உள்ள குறுகலான பகுதி மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்வது, அல்லது வெறும் அலர்ஜி. சென்னைத் தூசி, மெத்தையில் வாழும் நுண்பூச்சி, கரப்பான் கழிவு, நாள் முழுக்க ஏசி எல்லாம் சேர்ந்து இந்த ஊரில் மூக்கடைப்பு இல்லாத வீடே அபூர்வம். அலர்ஜி என்றால் ஸ்ப்ரேயும் மருந்தும்தான் வழி. கத்தி வைத்து அலர்ஜியை எடுக்க முடியாது. உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, சில வாரம் ஸ்ப்ரே போட்டுப் பார்த்து, பிறகுதான் சர்ஜரிப் பேச்சு. ஏற்கெனவே அடைப்புள்ள மூக்கை வெளியே குறுக்கினால் அடைப்பு கூடும். முகம் அழகாகி, ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளைவு இருப்பது உறுதியானால் இதைக் கேளுங்கள். பலர் "முதலில் தண்டு வளைவுக்கு மட்டும் இன்சூரன்ஸில் செய்துகொள்கிறேன், அழகுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று பிரித்துவிடுகிறார்கள். கணக்குச் சரி, மருத்துவம் தப்பு. நடுச்சுவர்தான் குருத்தெலும்புக் கையிருப்பு என்று சொன்னேன் அல்லவா? வளைவைச் சரிசெய்யும்போது அந்தக் குருத்தெலும்பை எடுத்து வீசிவிட்டால், இரண்டாவது சர்ஜரிக்கு வரும்போது அலமாரி காலி, நேராக விலாவுக்குப் போக வேண்டும். வடிவத்திலும் ஆசை இருக்கிறது என்றால் அதை முதல் சர்ஜனிடமே மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்வதுதான் நல்லது.

இன்சூரன்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழகுக்காக மட்டும் செய்யும் சர்ஜரியை இந்தியாவில் மருத்துவக் காப்பீடு ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் உருவத்தை மீட்பதற்கு என்றால் ஏற்கும். தண்டு வளைவுக்கான பங்கு பொதுவாகக் கிடைக்கும், ஆனால் பல பாலிசிகளில் அதற்கு 2 வருடக் காத்திருப்பு இருக்கும். கம்பெனி பாலிசியில் அந்தக் காத்திருப்பு இல்லாமலும் இருக்கலாம், எச்.ஆரிடம் கேளுங்கள். அழகுப் பங்கையும் தண்டு வளைவு என்றே எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், அது மோசடி, மாட்டிக்கொள்வது நீங்கள். இன்னொன்று, அழகு சர்ஜரிக்கு ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சரிசெய்யும் சர்ஜரிக்கு இல்லை. ஆக, ஒன்றரை லட்சம் என்று வாயால் சொன்னால் அதில் வரி சேர்ந்ததா சேராததா என்று கேளுங்கள். சர்ஜன் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், தியேட்டர், அறை, பரிசோதனைகள், மருந்து எல்லாம் அடங்கியதா என்றும், திருத்த சர்ஜரி தேவைப்பட்டால் யார் செலவு என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

ஃபில்லர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் தந்த இடம் அதுதான். ஃபில்லர் என்பது ஜெல். ஊசி மூலம் உள்ளே நிரப்புவார்கள். நிரப்ப மட்டும்தான் முடியும், குறைக்க முடியாது. நடுவில் பள்ளம் உள்ள மூக்கை நேராகக் காட்ட உதவும். அகலமான மடலுக்கும் உருண்டை நுனிக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சில மாதங்களில், அதிகம் போனால் ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும். திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. ஆபத்து வேறு. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. ஜெல் தவறிப்போய்க் குழாய்க்குள் ஏறினால் தோல் கறுத்துச் செத்துப்போகலாம், பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் முகத்தில் இது நடக்கக்கூடிய மிக ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. ஹையலூரானிக் அமில வகை ஜெல்லைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அது அந்த அறையிலேயே இருக்கிறதா, ஊசி போடுபவர் மருத்துவரா, இப்படி நேர்ந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு: தோல் வெளுப்பது, வலைப்பின்னல் போல் நீலம் பாய்வது, கடுமையான வலி, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. நிமிடக் கணக்கு அது.

யாரிடம் போவது? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு ஈடான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவர், அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. முடித்து மூக்கு வடிவ சர்ஜரியில் தனியாகப் பயிற்சி எடுத்தவர். இரண்டு கூட்டத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், பட்டம் மட்டும் போதாது, அவர் அடிக்கடி மூக்கு செய்கிறவரா என்பதுதான் கேள்வி. "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை ஒன்றையும் நிரூபிக்காது, சில வாரப் படிப்புக்குப் பிறகும் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். இடம் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். நுனி, நடுச்சுவர், எலும்பு எல்லாம் சேர்ந்த சர்ஜரி என்றால் முழு மயக்கத்தில், இரண்டு முதல் நான்கு மணி நேரம். அதற்குத் தகுதி பெற்ற மயக்க மருத்துவர் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதன் பிறகு இறந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். மயக்கம் யார் கொடுத்தார், கொடுத்தவர் கூட இருந்தாரா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் ஊருக்கே கேள்வியானது. நீங்கள் முன்பே கேட்டுவிடுங்கள்.

சர்ஜனிடம் படம் கேட்கும்போது தடித்த தோல், அகல மூக்கு உள்ளவர்களின் படம் கேளுங்கள், அதுவும் ஒரு வருடம் கழித்து எடுத்தது, நேரே, பக்கவாட்டில், கீழிருந்து. ஒரே வெளிச்சம், ஒரே தூரம், சிரிக்காத முகம். கம்ப்யூட்டரில் உங்கள் மூக்கை மாற்றிக் காட்டுவது பேசிக்கொள்ள உதவும், அது வாக்குறுதி அல்ல.

உங்கள் செல்ஃபிகளையும் நம்பாதீர்கள். 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று காட்டியது. இன்னொருவரை 5 அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள். சிலருக்குப் பிரச்சினை மூக்கே இல்லை, தாடை உள்வாங்கியிருப்பதால் மூக்கு பெரிதாகத் தெரியும். வேறு சிலர் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கண்ணாடி முன்னால் கழித்து, ஊரில் யாருக்கும் தெரியாத குறையை நினைத்து வெளியே போவதையே விட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சர்ஜரி நிம்மதி தராது, முதலில் மனநல மருத்துவர். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை, நல்ல சர்ஜன்கள் தாங்களே அனுப்பிவைப்பார்கள். உங்கள் வயதுக்கு எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்டது, அதில் தடையில்லை. இதைப் படிக்கும் பதின்ம வயதினர் பெண்கள் 16, ஆண்கள் 18 வரையாவது பொறுங்கள்.

தைக்குள் முடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு, கண்ணைச் சுற்றி நீலம், இரண்டு வாரம் வீடு. ஒரு மாதத்தில் வெளி ஆட்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் உங்களுக்கு நுனி மரத்து, சிரித்தால் மேலுதடு இறுக்கமாக இருக்கும். கல்யாண ஆல்பம் என்பது நெருக்கத்தில் எடுக்கும் படங்கள், வீங்கிய நுனி அதில் ஆயுளுக்கும் நிற்கும். முகூர்த்தத்துக்கு ஒரு வருடம் முன், இல்லையென்றால் கல்யாணத்துக்குப் பின். பொறுக்கவே முடியாது என்றால் குறைந்தது ஆறு மாதம். நிச்சயம் ஆன பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் செய்வது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது மருத்துவம் அல்ல.

சீசனும் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையில் கட்டு ஒட்டாது, தழும்பும் கறுக்கும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் ஒரு வருடத்துக்காவது வேண்டும். தீபாவளிப் புகையும் போகிப் புகையும் புதிதாக ஆறும் மூக்குக்கு ஆகாது. ஸ்கூட்டி ஓட்டுகிறவர் என்றால் முகம் மூடிய ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும்போது மூக்கில் இடிக்கும், ஆறு வாரம் கேப்பிலோ மெட்ரோவிலோ போங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதுவரை மூக்கில் பாரம் ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, முகப்பரு மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள். புகைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். பாடகர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மூக்கின் உள்ளளவு மாறினால் குரலின் நாதமும் லேசாக மாறலாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பகுதியினருக்குத் திருத்த சர்ஜரி தேவைப்படும். ரத்தக் கசிவு, தொற்று, இரு பக்கமும் சமமில்லாமை, நடுச்சுவரில் ஓட்டை விழுந்து மூச்சு விடும்போது விசில் சத்தம் என்று வரக்கூடியவற்றைச் சர்ஜன் தானாகவே சொல்ல வேண்டும். திருத்தம் ஒரு வருடத்துக்கு முன் செய்யக்கூடாது. அப்போது எந்தக் குருத்தெலும்பு எங்கே வைக்கப்பட்டது என்ற சர்ஜரிக் குறிப்பு தங்கத்துக்குச் சமம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிப்படி நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே வாங்கி ஃபைலில் வையுங்கள்.

அம்மாவின் பேச்சுக்கு வருவோம். வெளிநாட்டுப் பழக்கம் என்று அவர் நினைத்தால், மூக்கு சர்ஜரி நம் நாட்டிலிருந்துதான் மேற்கே போனது என்று சொல்லலாம். பழங்கால மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் அறுபட்ட மூக்கைத் திரும்ப உண்டாக்கும் முறை இருக்கிறது. திப்புவின் ஆட்கள் மூக்கை அறுத்த கௌஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனேயில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்த விவரம் 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-இல் இங்கிலாந்தில் அதையே செய்தார். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அதெல்லாம் இழந்த மூக்கை மீட்டது. இருக்கிற மூக்கை ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் அம்மாவின் கேள்வி, அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். "நுனி உருண்டையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, மூச்சும் அடைக்கிறது" என்று உங்கள் வாயால் சொல்ல முடிகிறது என்றால் அது போதுமான காரணம். "பெண் பார்க்க வருகிறவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

ஃபில்லருக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் போகாதீர்கள். அடுத்து ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அந்த வலது பக்கத்தைக் காட்டுங்கள். பிறகு வடிவத்துக்கு இரண்டு சர்ஜன்களையாவது பாருங்கள், அன்றைக்கே தேதி குறிக்கச் சொன்னால் குறிக்காதீர்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். சர்ஜரி என்று முடிவானால் முதல் இரண்டு ராத்திரி தலையணையை உயர்த்தி வைத்து, வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து அடிக்கடி எழுவீர்கள். பக்கத்தில் தண்ணீர் எடுத்துத் தர ஆள் வேண்டும்.